மண் ஈரமாக இருந்தும் கத்தரிச் செடிகள் வாடுகின்றன

தூத்துக்குடியில் மொட்டை மாடியில் 12 பைகளில் கத்தரி வைத்திருக்கிறேன். நட்டு 45 நாட்கள் ஆகின்றன. மூன்று வாரங்களாக, மண் ஈரமாக இருக்கும்போதே செடிகள் துவண்டுவிடுகின்றன. இலை ஓரங்கள் கருகுகின்றன. மண்மேல் வெள்ளைப் படலம். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர், டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 2,600 மில்லிகிராம்.

வேர் அழுகலோ என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாகத்தான் இருந்தது. நீரைக் குறைத்தேன், நிழல்வலை கட்டினேன். பயனில்லை. மண்ணீரில் உப்பு மிகுந்தால் சவ்வூடு பரவல் தடைபட்டு, வேர்த்தூவிகளால் நீரை உறிஞ்ச முடியாது என்று பள்ளியில் படித்தது இப்போதுதான் உறைக்கிறது. பிஞ்சு பிடித்த செடிகளை இழக்க மனமில்லை.

நல்ல தண்ணீர் நாளுக்கு இரண்டு குடம்தான் கிடைக்கிறது. உப்பைக் கழுவி வெளியேற்ற, 20 லிட்டர் பை ஒன்றுக்கு எவ்வளவு நீர் விட வேண்டும்?