செவ்வாயில் தோண்டியபோது தெரிந்த வெள்ளை, உப்பாக இருக்கக் கூடாதா?

உப்பளத்தான் (வேதாரண்யம்):
பையனோடு உட்கார்ந்து நாசாவின் பீனிக்ஸ் கலம் எடுத்த படங்களைப் பார்த்தேன். 2008 மே 25 அன்று செவ்வாயின் வடகோடியில் இறங்கியது. அதன் கை மண்ணைச் சில சென்டிமீட்டர் சுரண்டியதுமே பள்ளத்தில் பளிச்சென்று வெள்ளை. "பனிக்கட்டிப்பா" என்கிறான். எங்கள் அகஸ்தியன்பள்ளி பக்கம் கோடையில் தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தால் அது உப்புதான். இருபது வருஷமாகப் பாத்தியில் உப்பு வாருகிறவன் நான். வெள்ளையைப் பார்த்தால் எனக்கு வேறெதுவும் தோன்றாது. நாக்கில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எப்படி முடிவு கட்டினார்கள்?

குடந்தை டீச்சர்:
அண்ணே, ஜூன் 15 எடுத்த படத்தில் பள்ளத்தின் ஓரத்தில் தாயக்கட்டை அளவில் சில துண்டுகள் கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பு அப்படி எழுந்து போகுமா? உறைந்த கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. அங்கே பகல் உச்சத்தில் மைனஸ் 30 டிகிரி வாக்கில் இருந்தது, அதற்கு அதுவே அதிக வெயில்.

உப்பளத்தான்:
சரிம்மா. உருகி மண்ணில் இறங்கியிருந்தால் ஈரத் தடம் இருக்க வேண்டுமே? படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றும் தெரியவில்லை.

குடந்தை டீச்சர்:
உருகவே இல்லை அண்ணே. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கட்டி அப்படியே ஆவியாகிவிடும். பீரோவில் போட்ட பாச்சா உருண்டை சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகிறதே, அதே கதை.

மன்னார்குடி மம்பட்டி:
எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்த கூத்து. மண்ணைச் சூடாக்கிப் பார்க்கக் கலத்தில் எட்டு குட்டி அடுப்புகள். முதல் தடவை போட்ட மண் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு சல்லடையில் இறங்கவே இல்லை. பல நாள் அதிர வைத்துத்தான் உள்ளே விழுந்தது. பனிக்கட்டி கலந்த மண்ணோ அள்ளிய கரண்டியை விட்டு வர மறுத்தது. நடவுக்கு முன்னால் வரப்பு வெட்டும்போது மம்பட்டியில் அப்பும் களியைக் காலால் வழித்துவிடுவோம், அதற்குக் கால் ஏது? கடைசியில் ஜூலை முடிவில் ஒரு பிடி விழுந்தது. சூடேற்றியபோது 0 டிகிரியில் உருகிய அடையாளம் தெரிந்தது, நீராவியும் வந்தது. தண்ணீர்தான் என்று ஜூலை 31 அன்று அறிவித்தார்கள்.

இன்னொன்று: உப்பளத்தார் முழுக்கத் தப்பில்லை. அதே மண்ணில் உப்பும் இருந்தது, பெர்குளோரேட் என்று பெயர்.

உப்பளத்தான்:
பார்த்தீர்களா! அது குழம்புக்கு ஆகுமா?

குடந்தை டீச்சர்:
தைராய்டைக் கெடுக்கும் அண்ணே. பட்டாசு மருந்துக்கு ஆகும்.

உப்பளத்தான்:
அப்போ நம்ம சரக்குக்குப் போட்டி இல்லை. பையனிடம் தோற்றதை மட்டும் ஒப்புக்கொண்டு வருகிறேன்.