ஸ்கான் எடுத்தாச்சு, பிறகேன் மணிக்கூடு கீறச் சொல்லினம்?

கோண்டாவில்காரி:
அப்பாக்கு வலப்பக்க மூளையில ஸ்ட்ரோக் வந்து இப்ப வீட்டை வந்திட்டார், நடக்கிறார், நல்லாக் கதைக்கிறார், ஆனா கோப்பையில இடப்பக்கம் போட்ட கறியைத் தொடுறாரே இல்லை, பிறகு ஏன் கத்தரிக்காய் வைக்கேல்லை எண்டு அம்மாவோட சண்டை. கண்ணில பிழையில்லையாம். கிளினிக்கில ஒரு பிள்ளை மணிக்கூடு கீறச் சொன்னா, 12 இலக்கமும் வலப்பக்கத்திலயே நெருக்கியடிச்சுக் கிடக்கு, கணக்கு வாத்தியாரா இருந்த மனிசன்! ஸ்கான்ல எல்லாம் தெரியும்தானே, பிறகேன் உந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டு? மூளை ஆராய்ச்சி எண்டு யூடியூப்ல எவ்வளவோ காட்டினம், எங்கட ஆக்களுக்கு ஒண்டும் வராதோ?

கம்பஸ்பொடியன்:
அக்கா, அந்த ஆராய்ச்சியே உதுதான். கண் பிழையில்லாமலே ஒரு பக்கத்தைக் கவனிக்காம விடுற உந்த வருத்தத்துக்கு 'நெக்லெக்ட்' (neglect, புறக்கணிப்பு) எண்டு பேர். எங்க அடிபட்டது எண்டு ஸ்கான் சொல்லும், அதால அவர் எதைத் தவறவிடுறார் எண்டு சொல்லாது. 1978 இல பிசியாக், லுசாட்டி எண்ட ரெண்டு இத்தாலி ஆராய்ச்சியாளர் உப்பிடியான நோயாளியளிட்ட மிலான் கதீட்ரல் சதுக்கத்தை மனசுக்குள்ள பாத்துச் சொல்லச் சொன்னவை. கதீட்ரலைப் பாத்து நிக்கிறதா நினைச்சா பெரும்பாலும் வலப்பக்கக் கட்டிடங்கள்தான் வந்துது, கதீட்ரல் வாசல்ல நிண்டு எதிர்ப்பக்கம் பாக்கிறதா நினைக்கச் சொன்னா முதல் விட்டதுகள் வந்து முதல் சொன்னதுகள் காணாமப் போயிட்டுது. அப்ப ஞாபகம் இருக்கு, கவனம்தான் இடப்பக்கம் போகேல்லை. அப்பாட்டையும் நல்லூர்க் கோயில் முன்வீதியை உப்பிடிச் சும்மா கேட்டுப் பாருங்கோ.

தெரப்பிஸ்ட்_அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனா பேப்பரில வாறதெல்லாம் அப்பிடியே வாட்டுக்கு வராது. 1998 இல ரொசெட்டி எண்ட ஆராய்ச்சியாளரின்ர ஆக்கள், உப்பிடியான நோயாளியளுக்கு, பாக்கிறதை 10 பாகை வலப்பக்கம் தள்ளுற பிரிசக் கண்ணாடி போட்டு கையால சுட்டிக்காட்டப் பழக்கினவை, கழட்டின பிறகும் ரெண்டு மணித்தியாலமாவது கவனம் இடப்பக்கம் வந்துதாம். பிறகு செய்த ஆய்வுகளில சிலதில உதவிச்சுது, சிலதில இல்லை. சோதனையில கடதாசியில கீறின கோட்டின்ர நடுவைச் சரியாக் குறிச்சுப்போட்டு வீட்டை சோத்தைப் பாதி விட்டா என்ன பிரயோசனம், நாங்கள் பாக்கிறது கோப்பையைத்தான். ஒன்லைன்ல கண்ணாடி தேடி வாங்கிப்போடாதேங்கோ பிள்ளை.

அச்சுவேலியான்:
எங்கட அம்மாக்கும் உதே. கோப்பையின்ர இடது விளிம்பில சிவப்பு டேப் ஒட்டி, முதல் அதைத் தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுத்தான் கை வைக்கவேணும் எண்டு பழக்கினவை, கனநாள் எடுத்தது ஆனா பழகிட்டா. தனக்கு ஒண்டுமில்லை எண்டு உங்கட அப்பா சாதிப்பார், அதுவும் உந்த வருத்தத்தோட வாறதுதான், பிடிவாதம் எண்டு ஏசாதேங்கோ. சைக்கிள் மட்டும் கேட்டாக் குடுக்காதேங்கோ, இடப்பக்க ஒழுங்கையால வாற ஓட்டோ அவருக்குத் தெரியவே தெரியாது.