பேட்ச் பொருத்தும் நிரலுக்குப் போய்த் திரும்பும் சோதனை போதுமா?

பைட்காவலர்

பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலகங்களில் பேட்ச் (கோப்பில் செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியல்) பொருத்தும் பகுதிக்குச் சோதனை எழுதுகிறவர்கள் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். பழைய கோப்பு ஒன்று, புதிய கோப்பு ஒன்று. இரண்டுக்கும் டிஃப் எடுக்கிறார்கள், அதாவது வேறுபாட்டைப் பேட்சாக எழுதவைக்கிறார்கள், அதைப் பழைய கோப்பின் மேல் பொருத்துகிறார்கள், புதிய கோப்பு வந்துவிட்டால் தேறியது என்கிறார்கள். போய்த் திரும்பும் சோதனை என்பது இதுதான். இதை மட்டும் நம்பி ஒரு நிரலகத்தை வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டிஃப் எடுக்கும் நிரலையும் பொருத்தும் நிரலையும் பெரும்பாலும் ஒரே குழுதான் எழுதுகிறது. இரண்டிலும் ஒரே தவறான புரிதல் இருந்தால், ஒன்றின் தப்பை மற்றது அழித்துவிடும்.

நான்கு வரிக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரிக்குப் பிறகு ஒரு வரி சேர்க்க வேண்டும். சூழல் வரிகளே (மாற்றத்தைச் சுற்றியுள்ள மாறாத வரிகள்) இல்லாமல் எடுத்த பேட்ச் இப்படி இருக்கும்:

@@ -2,0 +3 @@
+புது வரி

-2,0 என்பது பழைய கோப்பைக் குறிக்கிறது: 2 வரி எண், 0 வரிகளின் எண்ணிக்கை. +3 புதிய கோப்பின் வரி எண். பழைய கோப்பின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போது, அங்கே உள்ள 2 'இரண்டாம் வரிக்குப் பின்' என்று பொருள்படும். எண்ணிக்கை ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் அதே 2 'இரண்டாம் வரியிலிருந்து' என்றாகும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நிரல் புது வரியை முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் செருகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சூழல் வரி இல்லாததால் பிழைச் செய்தியும் வராது. அதே குழுவின் டிஃப் நிரல் இந்த இடத்தில் -3,0 என்று எழுதுமானால் போய்த் திரும்பும் சோதனை தடையின்றித் தேறும். வெளியிலிருந்து முறையான பேட்ச் ஒன்று வரும் நாளில் கோப்பு சத்தமில்லாமல் கெடும்.

ஆகவே பேட்சையும் கையால் எழுத வேண்டும், வர வேண்டிய விடையையும் கையால் எழுத வேண்டும், பைட்டுக்குப் பைட் ஒப்பிட வேண்டும். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலைகளை நிரலகமாகத் தரும் லிப்கிட்2-இன் சோதனைகளில் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். மூலக் கோப்பு, மாறிய கோப்பு, இரண்டுக்கும் இடையிலான பேட்ச் ஆகிய மூன்றும் மாறிலிகளாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. டிஃப்பிலிருந்து தொடங்கும் சோதனைகூட, கிடைத்த பேட்சின் எழுத்தை முதலில் சரிபார்த்த பிறகுதான் அதைப் பொருத்திப் பார்க்கிறது.

அலைவரிசை

உங்கள் எடுத்துக்காட்டு சரியானது. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து போதாது. கையால் எழுதும் சோதனை, எழுதுகிறவருக்குத் தெரிந்த ஆபத்தை மட்டும்தான் சோதிக்கும். -2,0 பற்றித் தெரிந்தவர் அதற்குச் சோதனை எழுதுவார். தெரியாதவர் எழுதமாட்டார், அவருடைய நிரலில்தான் அந்தப் பிழை இருக்கும்.

அதோடு, இந்தப் பேட்சைக் கிட் சாதாரணமாக ஏற்காது என்பதையும் சொல்ல வேண்டும். யூனிடிஃப்-ஸீரோ என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் ஏற்கும். குறைந்தது ஒரு சூழல் வரியாவது வேண்டும் என்ற காவல் அங்கே இருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான்.

என் வழி வேறு. கோப்புகளை இயந்திரமே தாறுமாறாக உண்டாக்கட்டும். டிஃப்பை நம் நிரலகத்திடம் கேட்காமல் கிட் கட்டளையிடம் கேட்போம். பொருத்துவதை நம் நிரலகம் செய்யட்டும். ஒரே கையில் பிறந்த இரண்டு தப்புகள் ஒன்றையொன்று மறைக்கும் ஆபத்து அத்தோடு தீர்ந்தது. இரவு முழுவதும் ஓடவிட்டால் ஒரு மனிதர் வாழ்நாளில் எழுத முடியாத அளவு சோதனைகள் நடந்திருக்கும்.

நெடுவரி

கையால் எழுதிய சோதனைக் கோப்புகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஒரு சொல். ஒரு பிழைச் செய்தியின் வாசகம் மாறினாலே பல கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. எதிர்பார்க்கும் விடையை எழுதியவர் குழுவை விட்டுப் போய்விட்டால், அந்த விடை ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. சோதனை தோற்றால் நிரலைத் திருத்துவதா, விடையைத் திருத்துவதா என்ற கேள்வி வரும்போது விடையைத்தான் திருத்துகிறார்கள். அலைவரிசை சொல்வதன் பக்கம்தான் நான்.

பைட்காவலர்

விடையைத் திருத்திவிட்டுப் போகிறார்கள் என்றால் அந்தச் சோதனைக்கு மேல் ஒரு வரி விளக்கம் எழுதாதது குற்றம். அதற்குச் சோதனை முறையைப் பழிக்க முடியாது.

அலைவரிசைக்கு: கிட் எழுதும் பேட்ச் ஒரே நடையில்தான் இருக்கும். உலகத்தில் சுற்றும் பேட்சுகள் அப்படியில்லை. லாரி வால் பேட்ச் நிரலை வெளியிட்டது 1985-இல். அன்றிலிருந்து எத்தனையோ கருவிகள் டிஃப் எழுதியிருக்கின்றன, அவற்றை மின்னஞ்சல்கள் சுமந்திருக்கின்றன, மனிதர்கள் கையால் திருத்தியிருக்கிறார்கள்.

கோப்பின் கடைசியில் வரிமுறிப்பு இல்லையென்றால் பேட்சில் ஒரு பின்சாய்வுக்கோடும் இடைவெளியும் அதன்பின் ஒரு வாசகமும் வரும். அந்த வாசகம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிஃப் எடுத்த கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அது மாறும். அதனால்தான் கிட் அந்த வாசகத்தைப் படிப்பதில்லை. பின்சாய்வும் இடைவெளியும் இருக்கிறதா, வரி குறைந்தது 12 பைட் நீளமா என்று மட்டும் பார்க்கிறது. ஆங்கில வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலகம் உங்கள் இரவு முழுவதும் ஓடும் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்காது. ஓடும் கணினி ஒன்று, அதன் மொழி ஒன்று.

வெற்றுச் சூழல் வரியும் அப்படித்தான். முறைப்படி அது ஒரே ஒரு இடைவெளியைக் கொண்ட வரி. வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைக்கும் திருத்தி ஒன்றில் திறந்து சேமித்தால் அந்த இடைவெளி போய்விடும், முழு வெற்று வரி மிஞ்சும். குனு டிஃப்பின் புதிய பதிப்புகளே விரும்பினால் அப்படி எழுதித்தரும். கிட் அதைச் சூழல் வரியாக ஏற்றுக்கொள்கிறது. உங்கள் நிரலகம் ஏற்கிறதா, அல்லது ஹங்க் (பேட்சில் @@ வரியோடு தொடங்கும் ஒரு மாற்றத் தொகுதி) அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து மீதியை விழுங்குகிறதா? கிட் எழுதும் பேட்சில் அந்த வரி இயல்பாக இடைவெளியோடுதான் வரும். எனவே உங்கள் சோதனை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மரக்கிளை

நீங்கள் இருவரும் பேட்ச் பொருந்தினால் என்ன வரும் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பொருந்தாதபோது என்ன ஆகிறது என்பதுதான் பயனருக்கு உயிர்ப் பிரச்சினை.

பத்துக் கோப்புகளைத் தொடும் பேட்ச். ஒன்பதாவது கோப்பில் ஹங்க் பொருந்தவில்லை. முதல் எட்டும் எழுதப்பட்டுவிட்டனவா? கிட் அப்ளை (பேட்ச் பொருத்தும் கிட் கட்டளை) இயல்பாகவே எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற கொள்கை உடையது. ரிஜெக்ட் விருப்பத்தைக் கேட்டு வாங்கினால்தான் பாதி பொருத்தி, மீதியைத் தனிக் கோப்பில் வைக்கும். குனு பேட்ச் அப்படியில்லை, பொருந்தியதை எழுதிவிட்டு மீதியை ஒதுக்கிவைக்கும். உங்கள் நிரலகம் எந்தக் கட்சி? சோதனை அதைச் சொல்ல வேண்டும். பிழைக் குறியீடு வந்ததா என்று பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுந்துபோகும் சோதனைகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பும் முன்பிருந்தபடியே இருக்கிறதா, இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான கோப்புப் பட்டியல்) உள்ள பதிவு மாறாமல் இருக்கிறதா, கோப்பின் அனுமதி 100644 (சாதாரணக் கோப்பு) ஆகவே இருக்கிறதா, 100755 (இயக்கக்கூடிய கோப்பு) ஆகிவிட்டதா என்று தோல்விக்குப் பிறகும் பார்க்க வேண்டும். லிப்கிட்2-இல் பணிக் கோப்பகம், இண்டெக்ஸ், இரண்டும் என்று மூன்று இலக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தோல்விச் சோதனை தனியாக வேண்டும்.

பாதுகாப்பையும் மறக்காதீர்கள். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-23946 என்று எண்ணிடப்பட்ட குறை கிட் அப்ளையிலேயே இருந்தது. தீய நோக்கில் தயாரித்த பேட்ச் ஒன்று சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) வழியாகப் பணிக் கோப்பகத்துக்கு வெளியே உள்ள கோப்பின் மேல் எழுத முடிந்தது. 2023 பிப்ரவரியில்தான் அது அடைக்கப்பட்டது. குனு பேட்சில் 2018-இல் வெளிவந்த குறை இன்னும் மோசம். ஈடி (பழைய யூனிக்ஸ் உரைத் திருத்தி) நடையில் எழுதிய பேட்ச் வழியாகக் கட்டளைகளையே ஓடவைக்க முடிந்தது. நேர்மையான கோப்புகளிலிருந்து உண்டாக்கிய டிஃப் எதுவும் இப்படிப்பட்ட பேட்சைத் தராது. பகைவர் எப்படி எழுதுவார் என்று நினைத்து நாமே எழுதினால்தான் உண்டு.

அலைவரிசை

மரக்கிளை சொல்வதை முழுவதும் ஏற்கிறேன், ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானதில்லை. நல்ல பேட்ச் ஒன்றை உண்டாக்கி, அதில் ஒரு பைட்டைக் கெடுத்து, நிரலகத்திடம் கொடுத்துப் பாருங்கள். விடை என்ன என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. இரண்டே நிபந்தனை: பேட்ச் ஏற்கப்பட வேண்டும், அல்லது வட்டில் ஒரு பைட்டும் மாறக்கூடாது. நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த நிபந்தனையை ஆயிரக்கணக்கான கெட்ட பேட்சுகளுக்கு எதிராகச் சோதிக்க எந்த மனிதருக்கும் பொறுமை இராது.

ஒரே நடைதான் என்ற குற்றச்சாட்டுக்கும் வழி உண்டு. கிட் தந்த பேட்சை எடுத்து இயந்திரமே நடை மாற்றலாம். வரிக்கடைசி இடைவெளியைத் துடைக்கலாம், பின்சாய்வு வரியின் வாசகத்தை மாற்றலாம், எண்ணிக்கை 1 என்ற இடங்களில் அதை விட்டுவிடலாம் அல்லது சேர்க்கலாம். பொருள் மாறாததால் விடையும் மாறக்கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது அனுபவம் இல்லாதவர்கள் தவறவிடும் இடம். தாறுமாறான எழுத்துகளால் கோப்பை உண்டாக்கினால் ஒவ்வொரு வரியும் தனித்தன்மையோடு இருக்கும். அப்படிப்பட்ட கோப்பில் ஹங்க் தப்பான இடத்தில் பொருந்தவே முடியாது. உண்மையான நிரல் கோப்புகளில் மூடும் அடைப்புக்குறிகளும் வெற்று வரிகளும் திரும்பத் திரும்ப வரும். எனவே மூன்று வகை வரிகளை மட்டும் வைத்துக் கோப்புகளை உண்டாக்க வேண்டும். ஒரே மாதிரிச் சூழல் பல இடங்களில் அமைந்துவிடும், நிரலின் குறைகள் விரைவில் வெளிவரும்.

பைட்காவலர்

மூன்று வகை வரி என்ற யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் அதுவே உங்கள் முறையின் எல்லையையும் காட்டிக்கொடுக்கிறது.

பேட்ச் எடுத்த அதே கோப்பின் மேல் பொருத்தினால் வரி எண் சரியாக இருக்கும், தேட வேண்டிய தேவையே எழாது. திரும்ப வரும் வரிகளால் குழப்பமும் வராது. குழப்பம் வர வேண்டுமானால் கோப்பு நகர்ந்திருக்க வேண்டும். மேலே சில வரிகள் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது ஹங்க் சொல்லும் இடத்தில் சூழல் இல்லை. மூன்று வரி மேலே ஓரிடம் பொருந்துகிறது, மூன்று வரி கீழே ஓரிடம் பொருந்துகிறது. எது சரி?

இதற்கு விடை எந்த இயந்திரத்திடமும் இல்லை. கிட் ஒரு முறையில் முன்னும் பின்னும் தேடி ஓரிடத்தை எடுத்துக்கொள்ளும். குனு பேட்சும் தேடும், போதாதென்று சூழல் வரிகளில் இரண்டு வரை விட்டுக்கொடுக்கும். அதற்குப் பெயர் ஃபஸ். கிட் அப்படித் தானாக விட்டுக்கொடுக்காது, முழுச் சூழலும் பொருந்த வேண்டும். இந்த இரண்டில் எதை நீங்கள் நடுவராக வைத்தாலும், அந்த நடுவரின் விருப்பத்தைத்தான் உங்கள் நிரலகத்தின் சட்டமாக்குகிறீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் நிரலகம் என்ன செய்ய வேண்டும் என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்து, அந்த முடிவைச் சோதனையாக எழுதிவைக்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு இடங்கள் சம தூரத்தில் பொருந்தினால் நிரலகம் மறுக்க வேண்டும்.

நெடுவரி

மறுத்தால் ரீபேஸ் (மாற்றங்களை வேறோர் அடித்தளத்தின் மேல் மீண்டும் பொருத்துவது) செய்யும் கருவிகள் எல்லாம் இந்த நிரலகத்தைக் கைவிட்டுவிடும். கிட் ஏற்கும் பேட்சை நாம் ஏற்கவில்லை என்று வரும் புகார்களுக்கு யார் பதில் எழுதுவது?

மரக்கிளை

தப்பான சார்புக்குள் (ஃபங்ஷன்) சத்தமில்லாமல் வரி செருகப்பட்டது என்று வரும் புகாருக்குப் பதில் எழுதுவதைவிட அது எளிது.

கோப்பின் விளிம்புகளையும் இதே கணக்கில் சேருங்கள். ஹங்கின் கடைசியில் சூழல் வரி இல்லையென்றால் அது கோப்பின் முடிவில்தான் பொருந்த வேண்டும் என்று கிட் கொள்கிறது. யாரோ கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தப் பேட்ச் மறுக்கப்படும். இதைத் தேர்ந்து செய்திருக்கிறார்கள். நம் நிரலகத்திலும் தேர்ந்து செய்ய வேண்டும், தற்செயலாக அமைந்துவிடக் கூடாது. இரண்டு கோப்புகள் பெயரை மாற்றிக்கொள்ளும் பேட்சும் அப்படியே. வரிசையாகச் செய்தால் முதல் பெயர்மாற்றத்திலேயே ஒரு கோப்பு அழிந்துவிடும். எதேச்சையாக உண்டாக்கிய கோப்புகளில் இந்த நிலை வருவது அபூர்வம்.

அலைவரிசை

பெயர்மாற்றத்துக்குக் கையால் எழுதிய சோதனை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நகர்ந்த கோப்பின் விஷயத்தில் ஒப்புக்கொள்ள முடியாது. விரிவான வெளியீட்டைக் கேட்டால், தள்ளிப் பொருத்திய ஒவ்வொரு ஹங்குக்கும் எத்தனை வரி தள்ளியது என்பதைக் கிட் சொல்கிறது. நம் நிரலகமும் அந்த எண்ணைத் திருப்பித் தரட்டும். கோப்பின் மேலே எத்தனை வரி சேர்த்தோம் என்பது சோதனைக்குத் தெரியும். ஹங்குக்கு மேலே மட்டும் ஐந்து வரி சேர்த்திருந்தால் தள்ளல் 5 ஆக இருக்க வேண்டும், வேறு எண் வந்தால் தப்பான இடம். இந்த ஒரு சோதனைக்கு நடுவரே வேண்டியதில்லை.

பைட்காவலர்

அந்த எண்ணைத் திருப்பித் தருவதை வரவேற்கிறேன். விடை எழுத்தை மட்டும் ஒப்பிடுவதைவிட அது நேர்மையான சோதனை. ஆனால் உங்கள் மூன்று வகை வரிக் கோப்பில் தள்ளல் 2 என்ற இடத்திலும் முழுச் சூழலும் பொருந்தினால், அருகில் இருப்பதை எடுத்த நிரல் தன் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. நீங்கள் அதைத் தோல்வி என்பீர்கள். கிட்டும் அங்கே தோற்கும். அப்படித் தோற்கும் கோப்புகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பதா மறுப்பதா என்று ஆவணத்தில் எழுதிய பிறகு சோதனையில் சேருங்கள். அதற்கு முன் அவை தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை.

அலைவரிசை

சேர்க்கிறேன். ஆனால் ஆவணம் வரும்வரை அவற்றைத் தோற்கும் சோதனைகளாகவே ஓடவிடுவேன். யார் கண்ணிலும் படாத பட்டியலில் ஒதுக்கிவைத்தால் அந்த ஆவணத்தை ஒருவரும் எழுதமாட்டார்கள்.