‘வெள்ளி ராத்திரி’ என்றால் எந்த ராத்திரி? உதவுங்கள்

வணக்கம். அப்பாவின் பயணச்சீட்டில் வெள்ளிக்கிழமை, 00.10 என்று இருந்தது. நான் போனில் “வெள்ளி ராத்திரி 12.10க்கு வண்டி” என்று சொல்லிவிட்டேன். அவர் வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு நிலையத்துக்குப் போயிருக்கிறார். வண்டி முந்தைய இரவே போய்விட்டது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எனக்குப் போன் செய்த குரல் இன்னும் மனதை அறுக்கிறது.

அவர் மேல் தப்பே இல்லை. நம் பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். கடிகாரத்துக்கோ நள்ளிரவிலேயே தேதி மாறிவிடுகிறது. அந்த இடைப்பட்ட ஆறு மணி நேரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

‘அடுத்த வெள்ளி’யும் இதே கதைதான். செவ்வாய்க்கிழமை சொன்னால் பாதிப் பேருக்கு மூன்று நாளில், மீதிப் பேருக்குப் பத்து நாளில்! திசையிலும் உண்டு. “மரத்துக்கு முன்னாடி திரும்பு” என்றால் மரம் வருவதற்குள்ளா, மரத்தின் எதிரிலா? மரத்துக்கு ஏது முகம்?

வீட்டுப் பெரியவர்களுக்காக, குழப்பமே வராத சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைக்க நினைக்கிறேன். இப்போதைக்கு “வியாழன் ராத்திரி படுக்காமல் கிளம்பணும், விடிந்தால் வெள்ளி” என்பது வரைக்கும் வந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? முக்கியமாக, ‘வர்ற வெள்ளி’ என்றால் எல்லோருக்கும் ஒரே நாள்தானா?