பதில் வராத பேட்ச்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கோப்பின் கடைசி வரி புதுவரிக் குறி இல்லாமல் முடிந்தால், அந்த வரியையே விழுங்கிவிடும் ஒரு வழு. நான் அன்றாடம் பயன்படுத்தும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றில் இருந்தது. ஆறு வரியில் சரிசெய்து, நிரலில் எதை மாற்ற வேண்டும் என்று காட்டும் பேட்சை அதன் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு மாதம் ஓடியது, பதிலே இல்லை.

"என் பேட்சைப் பார்த்தீர்களா?" என்று தனியாக ஒரு மடல் எழுதினேன். எந்த பேட்ச், எந்த வழு என்று எதுவும் அதில் இல்லை. பழைய மடலின் தொடர்ச்சியாகக்கூட அனுப்பவில்லை. அதற்கும் மௌனம். வெளியாட்களை இவர்கள் மதிப்பதில்லை என்று இரண்டு நாள் பொருமினேன்.

பிறகுதான் மூல நிரலைப் புதிதாக இறக்கிப் பார்த்தேன். நான் திருத்திய கோப்பே இரண்டாகப் பிரிந்திருந்தது. பராமரிப்பாளர் ஆசையோடு எடுத்துப் பொருத்தியிருந்தாலும் என் பேட்ச் ஒட்டியிருக்காது. போதாக்குறைக்கு, விளக்கக் குறிப்பில் "சிறு பிழை நீக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். பயனரின் தரவு தொலைகிறது என்பதை நானே மூடி மறைத்திருக்கிறேன்!

புதிய நிரலுக்கேற்ப மாற்றி எழுதினேன். திருத்தம் இல்லாவிட்டால் தோற்கும், இருந்தால் தேறும் சோதனை ஒன்றையும் சேர்த்தேன். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை விளக்கக் குறிப்பின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதினேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) அந்தப் பகுதியை வரலாற்றில் சேர்க்காது, படிப்பவருக்கு மட்டும் பயன்படும். பழைய மடலுக்கே பதிலாக அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. சோதனை நன்று, திருத்தம் தவறான இடத்தில் இருக்கிறது என்றார். சொன்னது சரிதான். மூன்றாம் பதிப்பு சேர்க்கப்பட்டபோது சோதனை முழுதும் என்னுடையது. திருத்தத்தில் என் பழைய ஆறு வரிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

⁂

எனக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதே கதை. புதிய பதிப்பு வெளியானதும், அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் 'மெர்ஜ் விண்டோ' இரண்டு வாரம் திறந்திருக்கும். பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்ததை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்புவதில் மூழ்கியிருப்பார்கள். சரியாக அந்த நேரத்தில் போய் நின்றேன். குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள், இத்தகைய நாள்களில் இன்னும் கூடுதலாகப் பொறுங்கள் என்று கெர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது. மாற்றமின்றி மறுபடி அனுப்பினால் தலைப்பில் 'ரீசெண்ட்' (RESEND, மீண்டும் அனுப்பியது) என்று குறிக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. நான் படித்தது நான்காவது வாரத்தில்!

⁂

உங்களுக்காவது பதில் வந்தது. என் பேட்சுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று முறை நினைவூட்டிவிட்டேன். சோதனையும் உண்டு, விளக்கமும் உண்டு. பராமரிப்பாளரே அந்தப் பக்கம் வருவதில்லை போலும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் என் கணினியில் நானே பொருத்தித் தொகுத்துக்கொள்கிறேன். போன முறை புதிய நிரலோடு இரண்டு இடங்களில் முரண்பட்டது. சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போயிற்று.