பெங்களூரில் மாருத், கிரண் விமானங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் மகளுடன் பெங்களூரு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் விமான நிறுவனம்) பாரம்பரிய மையத்துக்குச் செல்லவிருக்கிறேன். எச்.எஃப்-24 மாருத் போர்விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டும், கடைசிவரை ஒலிவேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது என்று படித்தேன். நேரில் பார்ப்பவர் கண்ணுக்கு அதன் காரணம் தெரியுமா? கிரண் பயிற்சி விமானத்தில் எதைக் கவனிக்கலாம்?

மறுமொழி 1:
நன்றாகவே தெரியும். முதலில் சற்றுத் தள்ளி நின்று, இறக்கை சேரும் இடத்தில் உடற்பகுதி இடுப்புபோல் ஒடுங்குவதைப் பாருங்கள். ஒலிவேகத்தை நெருங்கும்போது திடீரெனப் பெருகும் காற்றுத்தடையைக் குறைக்கவே ஜெர்மானிய விமான வடிவமைப்பாளரான குர்ட் டாங்கும் அவருடன் உழைத்த இந்தியப் பொறியாளர்களும் அப்படி அமைத்தார்கள். பிறகு பின்புறம் செல்லுங்கள். அங்குள்ள இரண்டு சிறிய புகைபோக்கிகள் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களுடையவை. சின்னஞ்சிறு நாட் (Gnat) போர்விமானத்தில் இருந்ததும் இந்த எஞ்சின் குடும்பம்தான். உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் இவற்றில் கிடையாது. டாங்க் நம்பியிருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினின் உருவாக்கம் பிரிட்டனில் கைவிடப்பட்டதால், 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம், 147 கட்டப்பட்ட பிறகும் தன் உடலுக்கேற்ற எஞ்சினைப் பெறவே இல்லை. ஆகவே இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத்தாக்குதலுக்கு இது நன்றாகவே உதவியது.

மறுமொழி 2:
கிரணில் விமானி அறையைப் பாருங்கள். இருக்கைகள் அருகருகே இருப்பதால், மாணவரின் கையும் பார்வையும் எங்கே செல்கின்றன என்பதை ஆசிரியர் உடனுக்குடன் காண முடியும். 1951இல் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானத்தில் இருவரும் முன்னும் பின்னுமாக அமர்ந்தார்கள். இரண்டையும் வடிவமைத்த குழுக்களுக்கு எச்.ஏ.எல். வடிவமைப்பாளர் வி.எம். காட்கே தலைமை வகித்தார். கிரணின் முதல் வகையில் வைப்பர் எஞ்சின் இருந்தது. இரண்டாம் வகைக்கு ஆர்ஃபியஸ் வந்தது.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். திறந்தவெளியில் நிற்கும் விமானங்களுக்கு மழையும் வெயிலும் தாங்குவதற்காக மீண்டும் மீண்டும் வண்ணம் பூசுவார்கள். எனவே வண்ணத்தையும் எண்களையும் பணிக்காலச் சான்றாகக் கொள்ள வேண்டாம். சக்கரக் குழிகளின் உட்புறத்தையும் தகடுகளின் இணைப்புகளையும் குனிந்து பாருங்கள். தூரிகை எளிதில் எட்டாத அந்த இடங்களில்தான் பழைய பூச்சு எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.