அகராதியின் முதுகை ஒடித்தது யார்?

குழு: ஆயர் ஈத்தாம் வீடு, பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

மாணிக்கம் · காலை 7.52
(படம்)
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் அகராதி இன்று முதுகை இழந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கலாம் என்று அலமாரியிலிருந்து இழுத்தேன். முதுகு என் கையோடு வந்தது. அகராதி அலமாரியிலேயே நின்றுவிட்டது.

சரோஜா
அண்ணா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் கடல் இருக்கிறது. இந்த முறை பழியைப் போட வேறு தலையைப் பாருங்கள்.

மாணிக்கம்
இப்போது உன்னை யார் சொன்னார்கள்? முதல் முறை ஒடித்தவள் நீ என்று மட்டும்தான் சொல்லிவருகிறேன்.

தேவி
யாழினி கேட்கிறாள்: அத்தைப் பாட்டி எதை ஒடித்தார்?

சரோஜா
இதே அகராதியைத்தான், கண்ணு. எனக்கு ஐந்து வயதாம். அகராதியை நிறுத்திவைத்து, அதன் மேல் ஏறி, பரணில் இருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடியை எட்டினேனாம். முதுகு ஒடிந்ததாம். அப்பா சூலியா தெருவில் கொடுத்து மறுபடி பைண்டிங் செய்தாராம். எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதையை முறுக்கோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

குமரன்
மாமா, கவலையை விடுங்கள். என்னிடம் அகலமான செல்லோடேப் இருக்கிறது. மாலையில் பெர்ரி ஏறி வருகிறேன். ஐந்து நிமிட வேலை.

கவிதா · காலை 8.10
வேண்டாம்.

கவிதா
குமரன் அத்தான், அந்த டேப்பை அலமாரிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். செல்லோடேப் ஒட்டிய நூல் என் மேசைக்கு வந்தால் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்காது. சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் காய்ந்து உதிர்ந்துவிடும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக உட்கார்ந்துவிடும். கிழிசலைச் சரிசெய்வது எளிது, அந்தக் கறையை எடுப்பதுதான் பெரும்பாடு.

குமரன்
கோலாலம்பூர் நூலகத்தில் நூல்களைச் செப்பனிடுகிற நீங்களே சொல்லிவிட்டால் அப்பீல் ஏது? சூப்பர் குளூ?

கவிதா
அதைவிட மோசம். பெரியப்பா, பசியாறிவிட்டீர்களா? பசியாறிய பிறகு, கழன்ற முதுகின் மேல் நுனியைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாணிக்கம் · காலை 8.31
(படம்)
தோசை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன். அதையும் குறித்துக்கொள்.

கவிதா
நுனியைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் துணி நன்றாகவே இருக்கிறது. நடுவில் மட்டும் பிறை போல நைந்து, நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறது. சிவப்புத் துணி அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரலை அங்கே வைத்துப் பாருங்கள்.

மாணிக்கம்
பொருந்துகிறது.

சரோஜா
ஆகா! காவல் நிலையத்தில்கூடக் கைரேகை இவ்வளவு விரைவாகப் பொருந்தாது.

மாணிக்கம்
விரலை வைத்து எடுக்காமல் வேறு எதை வைத்து எடுப்பது? ஒரு விரல் இவ்வளவு பெரிய அகராதியை உடைத்துவிடுமா?

கவிதா
தேவி அண்ணி, சமையலறைத் தராசில் அகராதியை நிறுத்துச் சொல்ல முடியுமா?

தேவி
2 கிலோ 340 கிராம். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

கவிதா
அந்த 2 கிலோ 340 கிராமையும் இத்தனை ஆண்டுகளாகத் தூக்கியது விரல் அகலத் துணி. பெரியப்பா, இந்த வகைக் கட்டில் முதுகுத் துணி தாள்களோடு ஒட்டியிருக்காது. வேறொரு கெட்டி அட்டை நூலை விரித்து, முதுகின் மேல் நுனி வழியாக உள்ளே பாருங்கள். துணி வெளியே வளைந்து நிற்கும், தாள்கட்டு உள்ளே தள்ளி நிற்கும், நடுவில் சின்னக் குகை மாதிரி ஒரு பொள்ளல் தெரியும். நூல் தடையில்லாமல் விரிய அந்தப் பொள்ளல் வேண்டும். ஆனால் அதனால்தான் மேல் நுனித் துணிக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை. நீங்கள் இழுப்பது வெறுந்துணியை.

அத்தானுக்கும் இதுதான் பதில். சூப்பர் குளூ ஊற்றித் துணியைத் தாள்கட்டோடு சேர்த்து ஒட்டினால் பொள்ளல் போய்விடும், முதுகு விறைத்துவிடும். அடுத்த முறை திறக்கும்போது தாள்களே பிளக்கும்.

குமரன்
ஊற்றவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

மாணிக்கம்
அப்படியானால் எப்படித்தான் எடுப்பது?

கவிதா
நூலுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் உள்ளவற்றை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளுங்கள். நடுவில் உள்ளது தானாக முன்னே தெரியும். அதன் இடுப்பைப் பிடித்து எடுங்கள். தலைமயிரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாணிக்கம்
உள்ளே தள்ள இடம் வேண்டுமே. என் அலமாரியில் ஒரு தாள்கூடச் செருக முடியாது.

தேவி
கவிதா, இதை நான் சொன்னால் மாமியார் மருமகள் கதையாகிவிடும். நீயே சொல்.

கவிதா
அலமாரியில் பஸ் கூட்டம் மாதிரி நெருக்கினால் எடுக்கும்போதெல்லாம் அட்டையோடு அட்டை உரசும். இடம் விட்டால் சாய்ந்துகொண்டு நிற்கும், அதுவும் முதுகைக் கோணலாக்கும். தள்ளினால் நகர வேண்டும், விட்டால் சாயக் கூடாது. அந்தப் பதம். அகராதி மாதிரி கனமானவற்றை நிறுத்தவே வேண்டாம், படுக்கவைத்துவிடுங்கள். நிற்கும்போது தாள்கட்டின் எடை முழுவதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

தேவி
உயரம் போதாத நூல்களை நான் முதுகு மேலே இருக்கும்படி வைத்திருக்கிறேன். பெயர் தெரிய வேண்டுமே என்று.

கவிதா
ஐயோ அண்ணி. அது நூலைத் தலைகீழாகத் தொங்கவிடுவது மாதிரி. தாள்கட்டு தன் எடையாலேயே அட்டையை விட்டுக் கழன்றுவிடும். படுக்கவையுங்கள், முடியாவிட்டால் முதுகு கீழே இருக்கட்டும்.

மாணிக்கம் · காலை 9.05
பெரியம்மா மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்யலாமா என்று கேட்கிறாள். எங்கள் காலத்துப் பைண்டர் அப்படித்தான் செய்வார். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார். பசை இளநீலமாக இருக்கும். அவர் கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கல் குழவி மாதிரி ஒரு கல்லை வைத்துத் தாள்கட்டை அழுத்தி, ஊசியை மெழுகில் தேய்த்துத் தைப்பார். இந்த அகராதி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. வரும்போதே கடல் காற்றில் அட்டை நெளிந்திருந்ததாம்.

கவிதா
பெரியம்மாவிடம் மைதாவைப் பரோட்டாவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாப்பசை என்றால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. நாங்களும் கோதுமையில்தான் பசை காய்ச்சுகிறோம், ஆனால் புரதத்தை நீக்கிய வெறும் மாச்சத்தில். தைப்பூசத்துக்கு வரும்போது அதையும் ஜப்பானியத் தாளையும் கொண்டுவருகிறேன். அதுவரை யாரும் எதையும் ஒட்ட வேண்டாம்.

சரோஜா
அலமாரி இன்னும் குளியலறைச் சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறதா? போன முறை வந்தபோதே பூஞ்சை வாடை அடித்தது. அந்துருண்டை போடுங்கள் அண்ணா.

கவிதா
அத்தை சொன்ன வாடை முக்கியம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பினாங்கில் காற்று பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். எனவே அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், குளியலறைச் சுவர் வேண்டவே வேண்டாம். கதவை அவ்வப்போது திறந்து மின்விசிறியைப் போடுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம் அத்தை, அதைப் பெரியப்பாவும் சேர்ந்து சுவாசிப்பார்.

வெயிலும் படக் கூடாது. முதுகின் சிவப்பு பிஸ்கட் நிறமாகிவிட்டதே, அது சன்னல் செய்த வேலை.

தேவி
இன்னொரு சந்தேகம். யாழினியின் பள்ளிப் பாடநூல்கள் இரவல் திட்டத்தில் வந்தவை. ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணாடித்தாள் அட்டை போட்டேன், அறிவியல் நூலின் முன்னட்டை இப்போது மூடவே மாட்டேன் என்கிறது.

கவிதா
இழுத்துப் போட்டிருப்பீர்கள். நூலை மூடி வைத்த நிலையில் அளவெடுங்கள், முதுகுப் பக்கம் சற்றுத் தளர்வாக விடுங்கள். டேப்பைக் கண்ணாடித்தாளின் மேலேயே ஒட்டுங்கள், நூலின் அட்டையில் படக் கூடாது.

புதிதாக வாங்கும் மெல்லிய அட்டை நூல்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவற்றில் தையல் கிடையாது, சூடான பசையில் தாளின் ஓரங்களை அழுத்திவிடுகிறார்கள். நடுப்பக்கத்தைப் பிரித்து ஒரே மடக்காக மடக்கினால் அந்த இடத்தில் பசை விரிசல் விடும். பிறகு தாள் ஒவ்வொன்றாக உதிரும். முதுகை மேசையில் வைத்து, முன்னால் கொஞ்சம் தாள், பின்னால் கொஞ்சம் தாள் என்று மாறி மாறிப் பிரித்து, முதுகோரமாக மெல்லத் தடவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். யாழினிக்குப் பிடிக்கும்.

தேவி
அவள் படித்துக்கொண்டிருப்பதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு விளையாடப் போவாள். இந்தச் செய்தியை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். காதில் விழாதது போல இருக்கிறாள்.

மாணிக்கம் · காலை 9.40
சரி. தைப்பூசம் வரை இந்த முதுகை என்ன செய்வது? ரப்பர் வளையம் போட்டு வைக்கிறேன்.

கவிதா
ரப்பர் அட்டையைக் கடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பெரியம்மாவிடம் பாவாடை நாடா இருக்குமே, வெள்ளைப் பருத்தி, தட்டையானது. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். இறுக்க வேண்டாம். முடிச்சு தாள்கள் திறக்கும் பக்கம் வரட்டும், அட்டைமேல் வந்தால் பள்ளம் விழும். கழன்ற முதுகை ஒரு உறையில் போட்டு அகராதியோடு வையுங்கள். அதை எறிந்துவிடாதீர்கள், பெயர் அச்சிட்ட துணி அதுதான்.

சரோஜா
பாவாடை நாடா! கந்தசாமி மகன் மாணிக்கம் வாத்தியார் அகராதிக்குப் பாவாடை நாடா கட்டுகிறார். இதைப் பார்க்கவாவது பெர்ரி ஏற வேண்டும்.

மாணிக்கம் · காலை 10.15
(படம்)
கவிதா, உறையில் போடும்போதுதான் கவனித்தேன். கழன்ற முதுகின் உள்பக்கத்தில் விறைப்புக்காகத் தாள் ஒட்டியிருக்கிறது. தமிழ் எழுத்து தெரிகிறது.

கவிதா
பைண்டர்கள் கையில் கிடைத்த பழைய தாளை உள்ளே ஒட்டுவது வழக்கம். செய்தித்தாள், விலைப்பட்டி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பார்த்திருக்கிறேன். பிய்க்காமல் வெளிச்சத்தில் படியுங்கள்.

மாணிக்கம்
நாட்காட்டித் தாள்கள். மூன்று, வரிசையாக. ஐப்பசி 12, 13, 14. ஆங்கில ஆண்டு இருந்த மூலையை இராமபாணம் தின்றுவிட்டது. தமிழ் ஆண்டு தெரிகிறது. சோபகிருது.

தேவி
யாழினி ஓடிவந்து கணக்குப் போட்டுவிட்டாள். 2023 சோபகிருது என்று நீங்கள்தான் மனப்பாடம் செய்யவைத்தீர்களாம். அறுபதைக் கழித்தால் 1963.

சரோஜா · காலை 10.22
1963?

சரோஜா
அண்ணா, நான் விசுவாவசு. 1965. 2025இல் மறுபடி விசுவாவசு வந்தது, அதனால்தான் எனக்கு அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடினீர்கள். நான் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எப்படி அகராதியின் மேல் ஏறினேன்?

மாணிக்கம்
பைண்டர் பழைய நாட்காட்டியை எடுத்து ஒட்டியிருக்கலாம்.

சரோஜா
ஐந்து வயதில் ஏறினேன் என்றால் 1970. ஏழு ஆண்டுகளாக அந்த மூன்று நாட்களின் தாளைக் கிழித்துப் பத்திரமாக வைத்திருந்து, என் ஊறுகாய்க்காகக் காத்திருந்தாரா?

குமரன்
மாமா, 1963இல் உங்களுக்கு என்ன வயது?

தேவி
எட்டு. யாழினி அதையும் கழித்துவிட்டாள்.

கவிதா
பெரியப்பா?

சரோஜா
எங்கே போனீர்கள்? நீலக்குறி விழுந்துவிட்டது, படித்தது தெரிகிறது. அறுபது வயது வரை மாங்காய் ஊறுகாயைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியில் இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தேன்.

மாணிக்கம் · காலை 10.47
மாங்காய் இல்லை. எலுமிச்சை.